அவளுக்குத் தெரிந்திருந்த கழித்தல் குறி

நாகர்கோவிலில் எம்.எஸ்சி. படித்த காலத்தில் நானும் அவளும் மார்த்தாண்டத்தில் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். அவள் வீடு சிதறால் பக்கம். எனக்குத் திற்பரப்பிலிருந்து மார்த்தாண்டம் வர ஒரு பஸ், அங்கே மாறி இன்னொன்று. அவள் எனக்கு ஒரு வருடம் மூத்தவள். முதல் நாள் என் கையிலிருந்த இயற்பியல் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இரி பிள்ளே" என்றாள். அன்றிலிருந்து அந்த இடம் என்னுடையது. பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அந்தப் பை அங்கே இருக்கும்.

இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் நடந்ததை மட்டும் சொன்னால் அவளை ஒரு வஞ்சகி என்று நினைத்துவிடுவீர்கள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை செரிக்காமல் கிடக்கிறது.

படிப்பு முடிந்து அவள் வடக்கே ஒரு பெரிய நகரத்து ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். அடுத்த வருடம் எனக்குப் போன் வந்தது. "ஏட்டி, இஞ்ச ஒரு இடம் ஒழிவிருக்கு. சார் நல்லவராக்கும். நீ அப்ளை பண்ணு, நான் பறயேன்." அவள் சாரிடம் பறைந்தாள். எனக்கு இடம் கிடைத்தது. அந்த விடுதியில் எங்கள் ஊர்த் தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான். மதுரைக்காரி ஒருத்தி நாங்கள் பேசுவதைக் கேட்டு, "என்னங்கடி, பேசுறீங்களா பாடுறீங்களா?" என்று கிண்டல் செய்வாள். நாங்கள் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் இழுத்துப் பேசுவோம்.

விடுமுறைக்கு வந்தபோது அப்பா ஒருநாள் கேட்டார், "ஒனக்க ஜோலி என்னதாக்கும்?" அப்பா பொதுப்பணித் துறையில் கால்வாய் மடைகளைத் திறந்து அடைக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுதிப் பழகிய மனிதர். அவரிடம் சும்மா ஏதாவது சொல்லித் தப்பிக்க முடியாது.

நான் சொன்னேன்: உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கும், அவ்வளவுதான் அதன் கனம். பால் ஆடை மாதிரி மெல்லியது, நெகிழ்வானது. சில சின்னப் புரதத் துண்டுகள், பெப்டைடு என்று பெயர், கிருமியின் சவ்வை ஓட்டை போட்டு அதைக் கொல்லும். எப்படி ஓட்டை போடுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. அதனால் நாங்கள் மூலக்கூறுகளை மணிமணியாகக் கணினிக்குள் செய்து வைத்து, ஒன்றை ஒன்று எவ்வளவு இழுக்கும், எவ்வளவு தள்ளும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவற்றைத் தம்பாட்டுக்கு அசைய விட்டுப் பார்ப்போம்.

அப்பா கேட்டார், "அப்போ அது தானா நடக்கியதா, நீ நடத்துததா?"

"ரெண்டுந்தான் அப்பா" என்று சிரித்தேன்.

இப்படி ஒரு முறை அசைய விட்டுப் பார்ப்பதை ஓட்டம் என்போம். ஒரு ஓட்டத்துக்கு வெப்பநிலை எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் யாரும் அதை முதலிலிருந்து எழுதுவதில்லை. மூத்தவர்களிடம் வாங்கி, தனக்கு வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். நான் அவளிடம் வாங்கினேன். பெப்டைடு இல்லாத வெறும் சவ்வையும் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும், ஒப்பிடுவதற்கு. அதை அவள் தடுத்தாள். "அத நீ எதுக்குத் திருப்பி ஓட்டுத? எனக்கிட்ட இருக்குல்லா. அத எடுத்துக்கோ." பெரிய கணினியில் எங்களுக்குக் கிடைத்த நேரம் குறைவு. எனக்கு அது பெரிய உபகாரமாகத் தோன்றியது.

ஓட்டத் தொடங்கிய மூன்றாவது வாரம் என் சவ்வில் ஓட்டை விழுந்தது. பெப்டைடுகள் நான்கு ஒரு இடத்தில் கூடி நின்றன. சவ்வு அங்கே மெலிந்தது. பிறகு நீர்மணிகள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்து மறுபக்கம் வந்தன. எங்கள் கைடான சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று அந்தப் படத்தை நான்கு முறை ஓட்டச் சொன்னார். அதிகம் பேசாதவர். "நல்லா இருக்கு" என்று இரண்டு தரம் சொன்னார். எங்கள் ஆய்வகத்தில் அது பெரிய பாராட்டு. அன்று சாயங்காலம் அவள் என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கினாள். "மக்கா, ஒனக்க ஓட்டை உலகத்துக்கே தெரியப் போவுது!" கட்டுரை வந்தது. என் பெயர் முதலில், அவள் பெயர் இரண்டாவது, சாரின் பெயர் கடைசியில்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என் சவ்வு இருக்க வேண்டிய அளவைவிட அகலமாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பெப்டைடு உள்ளே இடித்துக்கொண்டு நுழைவதால் சவ்வு விரிகிறது என்று ஒரு காரணமும் கண்டுபிடித்து எழுதினேன். தப்புக்குக் காரணம் கண்டுபிடிக்கிற அளவுக்கு நான் படித்திருந்தேன். அதைச் சரிபார்க்கும் அளவுக்குப் படித்திருக்கவில்லை.

தீசிஸ் எழுதிக்கொண்டிருந்த வருடம் அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் இதய ஆப்பரேஷன். அம்மாவுக்கு முட்டுவலி, படியேறி இறங்க முடியாது. நான் ஒற்றைப் பிள்ளை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒரு கண் அத்தியாயத்திலும் ஒரு கண் கதவிலுமாக இருந்தேன். யாரும் கூப்பிடாமல் அவள் ரயிலேறி வந்துவிட்டாள். வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நீ போய்க் கிடந்து ஒறங்கு. நான் இருக்கேன்" என்றாள். இரண்டு நாள் அப்பாவோடு அவள்தான் இருந்தாள். கஞ்சியை ஆற்றி ஸ்பூனால் கொடுத்தாள். பேப்பரைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். அப்பாவுக்குப் பிடிக்காத அரசியல் செய்தி வந்தால் அதைத் தாண்டிப் போய்விடுவாள். அப்பா கண்டுபிடித்துச் சிரிப்பார்.

திரும்பிப் போகும்போது கேட்டாள், "தீசிஸ் எவ்வளவு ஆச்சு?"

"ஓட்டை சாப்டர் முடிஞ்சு. இனி கடைசி ஒண்ணுதான்."

"ம்" என்றாள். தெர்மாஸின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடினாள். எனக்கு அப்போது அதில் எதுவும் தோன்றவில்லை.

எட்டு மாதம் கழித்து வைவா, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் நிதானமான மனிதர். என் அகலமான சவ்வைக் காட்டி, "இது ஏன் இப்படி?" என்று கேட்டார். நான் என் காரணத்தைச் சொன்னேன். மூன்றாவது வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லச் சொல்ல, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். சார் அந்தப் பேராசிரியருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். பேராசிரியர் மேலே கேட்கவில்லை. எனக்குப் பட்டம் கிடைத்தது. வெளியே வந்ததும் அவள்தான் முதலில் லட்டை என் வாயில் வைத்தாள்.

அதன்பிறகு அவள் வெளிநாடு போனாள். நான் ஊருக்கு வந்தேன். மாவட்டத்திலேயே ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை. வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் வகுப்பு. மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. பழைய நிறுவனத்துப் பெரிய கணினியில் நுழைய என் அனுமதியைச் சார் எடுக்காமல் வைத்திருந்தார். அதற்காக அவருக்கு நன்றியோடு இருந்தேன்.

மூன்று வருடம் கழித்து அதே பெப்டைடைக் கொஞ்சம் மாற்றி மறுபடி ஓட்டிப் பார்க்க நினைத்தேன். இந்தத் தடவை வெறும் சவ்வை நானே ஓட்டினேன். கணினி நேரம் இருந்தது, அவ்வளவுதான் காரணம். ஒரு சனிக்கிழமை மத்தியானம், துறையில் யாரும் இல்லை, கெமிஸ்ட்ரி லேபிலிருந்து ஏதோ நெடி வந்துகொண்டிருந்தது. முடிவைத் திறந்து பார்த்தேன். சவ்வில் ஓட்டை இருந்தது.

பெப்டைடு ஒன்றுகூட இல்லை. துளைக்க எதுவுமே இல்லை. சவ்வு தானாகப் பிளந்திருந்தது.

வேறு ஏதோ கோப்பைத் திறந்துவிட்டேன் என்று நினைத்து மூடித் திரும்பத் திறந்தேன். அதேதான். பிறகு அமைப்புக் கோப்பை வரிவரியாக வாசித்தேன், இத்தனை வருடத்தில் முதல்முறையாக. அழுத்தத்துக்கு இரண்டு எண் கொடுக்க வேண்டும். சவ்வின் பரப்பு வாக்கில் ஒன்று, அதற்குச் செங்குத்தாக ஒன்று. சாதாரண சவ்வு என்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். என் கோப்பில் முதல் எண் வேறாக இருந்தது. அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. அதாவது நான் சவ்வை நான்கு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். இழுத்துப் பிடித்ததில் யார் தொட்டாலும் கிழியும், தொடாவிட்டாலும் கிழியும். அவள் எனக்குக் கொடுத்த ஒப்பீட்டு ஓட்டம் வேறு கோப்பில், இழுக்காத சவ்வில் செய்தது. அதனால்தான் அதில் ஓட்டை விழவில்லை. என் கட்டுரை, என் அத்தியாயம், என் பட்டத்தில் பாதி, எல்லாம் அந்தச் சின்னக் கோட்டில் நின்றிருந்தது.

முதலில் எனக்கு வந்தது வெட்கம். அடுத்து வந்தது அவளைப் பற்றிய பயம். கோப்பு அவளிடமிருந்து வந்தது. அவளுடைய முதல் வேலை சவ்வை இழுத்துப் பார்ப்பது, அதற்காக எழுதிய எண் இதில் தங்கிவிட்டிருக்கிறது. பின்னால் செய்த வேலைகளிலும் இது இருந்தால் அவள் கதி என்ன? உடனே சொல்லியாக வேண்டும். அதற்கு முன் அவள் கோப்பிலும் அது இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளலாம் என்று அவளுடைய பழைய ஃபோல்டரைத் திறந்தேன். எங்கள் ஆய்வகத்தில் ஒருவர் ஃபோல்டரை ஒருவர் பார்க்கலாம். நாங்கள் யாரும் பூட்டுப் போட்டதில்லை.

அவள் கோப்பில் அது இல்லை. திருத்தியிருந்தாள். பக்கத்திலேயே, என்ன மாற்றினோம் என்று எழுதி வைக்கும் குறிப்புக் கோப்பு. அதில் மூன்று வாக்கியம். பழைய வேலையின் இழுவிசை இதில் தங்கிவிட்டது, எடுத்தாயிற்று. பிறகு என் பெயரின் முதலெழுத்தைப் போட்டு, 'இவளுடைய ஓட்டங்களிலும் இது இருக்கிறது' என்று. கடைசியாக, சாரிடம் சொல்லியாயிற்று.

கீழே தேதி. என் வைவாவுக்குப் பத்து மாதம் முன்னால். அப்பாவின் ஆப்பரேஷனுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னால். விரல் விட்டுத்தான் எண்ணினேன், இரண்டு தரம்.

வாட்ச்மேன் வந்து, "பூட்டட்டா டீச்சர்?" என்று கேட்டார். எழுந்து வந்து பஸ் ஏறினேன். என் நிறுத்தம் வந்தபோது இறங்கத் தோன்றவில்லை. திற்பரப்பு அருவிவரை போய்விட்டேன். சனிக்கிழமை ஆனதால் அருவிக்கு வந்த கூட்டம் ஈரத் தலையும் ஈரத் துண்டுமாகப் பஸ்ஸில் ஏறுவதற்கு முண்டிக்கொண்டிருந்தது. அவர்களோடு திரும்பி வந்தேன். அம்மா, "என்னட்டி, மொகம் வாடிக் கிடக்குது?" என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

அவளுக்குப் போன் செய்யவில்லை. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கூப்பிட்டாள், நான் எடுத்துப் பேசினேன். மழை, மாணவர்கள், அவள் ஊர்க் குளிர். போனில் கேட்டால் அவள் முகம் எனக்குத் தெரியாது. அது தெரிய வேண்டும் என்று இருந்தது. டிசம்பரில் தன் தங்கச்சி கல்யாணத்துக்கு அவள் வருவதாக இருந்தது. இரண்டு மாதம் காத்திருந்தேன். அந்த இரண்டு மாதமும் நானும் நடித்தேன்தானே என்று இப்போது தோன்றுகிறது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் அவள் வீட்டுக்குப் போனேன். வீடு நிறைய ஆள். அவள் அம்மா, "வந்தியா மக்ளே" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். சர்ச்சிலிருந்து வந்த பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். பேச ஒரு மூலைகூட இல்லை. குழித்துறையில் தைக்கக் கொடுத்த பிளவுஸ்களை வாங்கி வர வேண்டும் என்று யாரோ சொன்னபோது, "நாங்க போறோம்" என்று நான்தான் சொன்னேன். அவள் ஸ்கூட்டியை எடுத்தாள்.

தையல்காரர் கொக்கி வைக்க இன்னும் அரைமணி நேரம் ஆகும் என்றார். எதிரே இருந்த பேக்கரியில் போய் உட்கார்ந்தோம். அவள் இரண்டு சாயாவும் பழம்பொரியும் சொன்னாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அந்த ஃபைல்ல இருந்த இழுவிசை ஒனக்கு எப்பத் தெரியும்?"

எந்த ஃபைல் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு ஒரு நிமிடம் கிடைத்திருக்கும்.

"நீ பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன். தேதியும் பாத்தேன்."

பழம்பொரியை இரண்டாகப் பிய்த்தாள். ஆவி வந்தது. சாப்பிடவில்லை. "நான் சார்ட்டப் பறஞ்சேன். கண்டுபிடிச்ச அன்னைக்கே பறஞ்சேன்."

"எனக்கிட்ட?"

"சார் வேண்டாம்னு சொன்னாரு. ஒனக்க அப்பாவுக்கு ஆப்பரேஷன்னு சொல்லி நீ அழுதுட்டு நடந்த சமயம். இப்பப் பறஞ்சா இவ ஒடஞ்சு போவா, தீசிஸ் முடியட்டும், பெறவு பாப்போம்னாரு. அதுகொண்டாக்கும் பறயல்ல."

"தீசிஸ் முடிஞ்சுதே."

"முடிஞ்சுது." சாயா டம்ளரை ஓரமாகத் தள்ளினாள். "அப்பம் எனக்கு வெளிநாட்டு வேலைக்கு இன்டர்வியூ. அந்தப் பேப்பரும் எனக்க லிஸ்டுல இருந்து. அதத் திருப்பி எடுத்தா என்ன ஆவும்னு பேடிச்சுப் போனேன். பெறவு நாளாகிப் போச்சு. நாளாகிப் போனா எப்பிடிப் பறயது?"

"வைவாவுல அந்த மனுசன் கேட்டாருல்லா, சவ்வு ஏன் அகலமா இருக்குன்னு. நீ மூணாவது வரிசையில இருந்த."

"இருந்தேன்."

"நான் பதில் சொல்லச்சில நீ தலையாட்டின."

"ஒனக்குத் தைரியத்துக்காக்கும் ஆட்டினேன்" என்றாள். அதைச் சொன்னதும் அவளுக்கே அது கேட்டிருக்க வேண்டும். முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு அழுதாள். பேக்கரிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல டி.வி. பக்கம் திரும்பினார். நான் அழவில்லை. அவள் என் மேல் பொறாமைப்பட்டு இதைச் செய்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கத்தியிருக்கலாம். அவள் என்மேல் இரக்கப்பட்டிருக்கிறாள், பிறகு பயந்திருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு தப்பை மேடையில் நின்று விளக்கிக்கொண்டிருக்கிறேன், அதைத் தப்பு என்று தெரிந்த இரண்டு பேர் முன்னால்.

"நீ வந்து எனக்க அப்பாவுக்குக் கஞ்சி குடுத்த ரெண்டு நாளும் ஒனக்குத் தெரியும்."

எதிர்க் கடையிலிருந்து தையல்காரர் கூப்பிட்டார். பிளவுஸ்களை வாங்கிக்கொண்டு திரும்பினோம். போகும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டு போன நான், வரும்போது பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது கேட்டாள், "கல்யாணத்துக்கு வருவல்லா?" போனேன். பந்தியில் உட்கார்ந்தேன். அவள் அம்மா வந்து என் இலையில் இரண்டாவது தடவை பாயசம் விடச் சொன்னார்.

ஜனவரியில் சாருக்குப் போன் செய்தேன். அவர் மறுக்கவில்லை. "அது சின்ன விஷயம்மா. முக்கியமான முடிவு மாறாமகூட இருக்கலாம். இத்தனை வருஷத்துல யாரும் கேள்வி கேக்கலையே" என்றார்.

"மாறுமா மாறாதான்னு நீங்க ஓட்டிப் பாத்தீங்களா சார்?"

"முதல் பெயர் உன்னோடது. ஓட்டினது நீ. கோப்பைப் படிச்சுப் பார்த்திருக்க வேண்டியது நீதானே?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அவர் சொன்னது உண்மை.

நான் ஓட்டிப் பார்த்தேன். இழுவிசையை எடுத்துவிட்டு, அதே பெப்டைடு, அதே சவ்வு. ஐந்து ஓட்டம். ஒவ்வொன்றும் பல நாள். பெப்டைடுகள் வந்து சவ்வின் மேல் படுத்துக்கொண்டன. அசைந்தன, புரண்டன, ஒன்றோடொன்று ஒட்டின, விலகின. ஒன்றில்கூட ஓட்டை விழவில்லை. படங்களைச் சாருக்கும் அவளுக்கும் அனுப்பி, கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று எழுதினேன். ஒரு சின்னத் திருத்தக் குறிப்புப் போதும் என்றார் சார். போதாது என்றேன். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் சுமுகமாக முடியும்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கடைசியில் சாரே அறிவிப்பை எழுதி அனுப்பினார். நான்கே வரி. அதில் இருந்தது: முதல் ஆசிரியர் பயன்படுத்திய அமைப்பில் நேர்ந்த பிழை காரணமாக. கோப்பு யாரிடமிருந்து வந்தது என்று இல்லை. பிழை யாருக்கு எப்போது தெரியும் என்று இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். சேர்த்தால் தான் கையெழுத்துப் போட முடியாது, பிறகு நிறுவனம் விசாரணை அது இது என்று இறங்கும், உன் பட்டமும் அதில் வரும் என்று பதில் வந்தது. மிரட்டல் மாதிரி எழுதவில்லை. அக்கறை மாதிரிதான் எழுதியிருந்தார்.

அந்த அறிவிப்பில் அவள் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருந்தாள். படித்துப் பார்த்துத்தான் போட்டிருப்பாள். எனக்குத் தனியாக ஒரு வரிகூட எழுதவில்லை. பேக்கரியில் அவள் சொன்னதையெல்லாம் ஒருவேளை நான் மன்னித்திருப்பேன். மெல்ல மெல்ல, சில வருடத்தில். இந்தக் கையெழுத்தை முடியவில்லை. அப்போது அவளுக்கு நல்ல வேலை இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் அந்த வாக்கியத்தைப் பார்த்துவிட்டு, 'இது சரியில்லை, கோப்பு என்னுடையது' என்று ஒரு வரி எழுத அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நானும் கையெழுத்துப் போட்டேன்.

அறிவிப்பு வெளியாகிக் கல்லூரியில் விஷயம் தெரிய ஒரு வாரம் பிடித்தது. ஸ்டாஃப் ரூமில் ஒரு கணித ஆசிரியை, "யாருக்கும் தெரியாம இருந்தத நீங்களே போய் ஏன் டீச்சர் சொன்னீங்க?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். ஆராய்ச்சி மாணவர்களை எடுப்பதற்கு நான் போட்டிருந்த விண்ணப்பம் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. விளக்கம் எழுதினேன். தீசிஸில் அந்த அத்தியாயம் செல்லாது என்று பல்கலைக்கழகத்துக்கும் எழுதினேன். அதற்கு இன்னும் ஒன்றும் பதில் இல்லை. இரண்டையும் ஒரே நாளில் தபாலில் போட்டுவிட்டு வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அப்பாவுக்கு எதுவும் தெரியாது. அவள் பெயரைச் சொல்லி, "அந்தப் பிள்ள ஏன் இப்பம் கூப்பிடுததில்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலையில் அவர் மாத்திரை போட்டு முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பு, தேதி, வைவா, அறிவிப்பு. அளவு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அவருக்கு நன்றாகவே புரிந்தது.

"தப்புதான்" என்றார். "தெரிஞ்சத எழுதாம வச்சது பெரிய தப்பு. நான் ஒரு நாளு மட்டம் தப்பா எழுதினா கீழ இருக்கியவனுக்க நடவு முங்கிப் போவும்."

நான் காத்திருந்தேன்.

"ஆனா மக்ளே, அந்தப் பிள்ள எனக்குக் கஞ்சி தந்தவளாக்கும். நான் அவள வெறுக்க மாட்டேன். என்னை நீ அதுக்குச் சொல்லாத."

வெறுக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை. கேட்கத்தான் வந்திருந்தேன் என்பது அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. எழுந்து அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன். என் அப்பாகூட முழுக்க என் பக்கம் இல்லை என்று ஒரு கசப்பு. அவர் நெஞ்சில் உள்ள தையலைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பங்கு நன்றியை அவர் வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். சில நாள் முடிகிறது.

போன மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தென் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி மாணவி. என் கட்டுரையைப் பின்பற்றி அதே பெப்டைடை எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு ஓட்டை விழவே இல்லை. ஓட்டத் தெரியாதவள் என்று அவள் கைடு முடிவு கட்டி, வேறு தலைப்புக்கு மாற்றிவிட்டாராம். அந்தச் சமயத்தில் அவள் எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். நான் பதில் போட்டிருக்கிறேன். அதை அவள் கீழே அப்படியே இணைத்திருந்தாள். எங்கள் எல்லா ஓட்டங்களிலும் ஓட்டை தெளிவாக விழுகிறது, உங்கள் அமைப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் எழுதியிருந்தேன். எழுதியது நினைவில்கூட இல்லை. இரண்டு வகுப்புக்கு நடுவில் அவசரமாகத் தட்டி அனுப்பியிருப்பேன்.

அவள் கோபமாக எழுதவில்லை. திரும்பப் பெற்ற அறிவிப்பைப் பார்த்தேன், எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும் என்றாள். எனக்கு இந்தப் பதிலை எழுதியபோது உங்களுக்குத் தெரியுமா?

முதல் ஹவர் முடிந்து மாணவர்கள் லேபுக்குப் போகும் சத்தம். நான் உட்கார்ந்து, தெரியாது என்று எழுதினேன். தெரிந்த தேதியையும், அன்று என்ன பார்த்தேன் என்பதையும் எழுதினேன். உங்கள் ஓட்டங்கள்தான் சரி, நீங்கள் ஓட்டத் தெரிந்தவர், இதை உங்கள் கைடுக்கு நேரடியாக எழுதித் தரவும் தயார் என்று எழுதினேன். பிறகு, அப்போது தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள் என்றும் எழுதினேன். அறிவிப்பில் எழுத விடாததை ஒரு தெரியாத பெண்ணுக்கு எழுதியதில் ஒரு நிம்மதியும் வரவில்லை. அவள் இழந்த வருடத்துக்கு அது என்ன பதில்?

அனுப்பிவிட்டேன். அவளிடமிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை. என்னை நம்பினாளா என்று தெரியாது. அவள் இடத்தில் நான் இருந்தால், நம்பியிருப்பேனா என்பதும் தெரியவில்லை.